கோமதி வைத்த சேனை

அந்தக் குழந்தையை நான் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகுதான். அதுவரை கதவுக்கு வெளியே நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நான். உள்ளே நடந்ததை டாக்டர்கள் எழுதி வைத்திருப்பார்கள். வெளியே இருந்தவளுக்கும் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது. தெரிந்தவர் வீட்டில் பச்சைக்குழந்தை ஐ.சி.யூ.வில் கிடந்தால் நாம் என்ன செய்வது, எப்போது வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் சட்டென்று வரும். கோமதியும் பிரபுவும் குகட்பள்ளியில் எங்கள் பக்கத்து ஃபிளாட்டுக்குக் குடிவந்த வாரமே அவர்களோடு சண்டை போட்டவள் நான். எங்கள் ஹவுசிங் போர்டு கட்டடத்தில் சுவர் என்பது பெயருக்குத்தான். அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கம் நாம் விழித்துக்கொள்வோம். எனக்கோ மதியம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணை மூடாவிட்டால் தலை வெடித்துவிடும். அந்த நேரம் பார்த்து டிவி மாட்டுவதற்குப் பிரபு சுவரில் டிரில் போட்டான். எழுந்து போய்க் கதவை இடித்தேன்.

"கைக்கு இந்த நேரத்துல போடறீங்க? மனுஷங்க தூங்க வேணாமா?"

செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழச்சிக்குக் கோபம் வந்தால் இப்படித்தான், இரண்டு மூன்று பாஷை சேர்ந்து வரும், 'கைக்கு' என்றால் ஏன். கதவைத் திறந்தது கோமதி. "ஏன்னு கேக்கியளாக்கா? இனிமே போட மாட்டாவ" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டால் அப்புறம் எப்படிச் சண்டை போடுவது? அன்றிலிருந்து சத்தம் அதிகமானால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவேன், அந்தப் பக்கம் அடங்கிவிடும்.

கோமதிக்கு ஊர் சங்கரன்கோவில். அம்மா இல்லை, அவள் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டார். அப்பா மட்டும் ஊரில் இருந்தார். பிரபு கோயம்புத்தூர்க்காரன், மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. அவன் அப்பா படுத்த படுக்கை, அவரை விட்டு அம்மாவால் நகர முடியாது. ஆக இந்த ஊரில் அவர்களுக்கு ஆள் என்று சொன்னால் நானும் என் வீட்டுக்காரரும்தான். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு நாள் குறித்திருந்தார்கள். நானும் அடுக்கடுக்காக வளையல் வாங்கி வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை, காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். கோமதி சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள், காலடியில் தண்ணீர். "இன்னும் ரெண்டரை மாசம் இருக்கேக்கா" என்றாள், என்னவோ நான்தான் நாள் குறித்தவள் மாதிரி. பிரபு சீக்கிரமே ஆபீஸ் கிளம்பிப் போயிருந்தான். என் வீட்டுக்காரர் காரை எடுத்தார். மெட்ரோ தூண்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன, சிக்னல் ஒன்றாவது பச்சையாக இருக்கவேண்டுமே. அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் என் வளையல் ஒன்று உடைந்தது.

குழந்தை பிறந்ததும் அழும், கேட்கலாம் என்று பிரசவ அறைக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. கதவு திறந்தது. கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் ஓடினார்கள். அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்த பிரபு, "அக்கா, அழுவலீங்களா?" என்று கேட்டான். நான் பெட்டி போன பக்கம் கையைக் காட்டினேன்.

குழந்தைகள் டாக்டரம்மா தெலுங்குக்காரர், சின்ன வயசு. எங்களை உட்கார வைத்துத்தான் பேசினார். பெண் குழந்தை, ஒரு கிலோவும் கொஞ்சமும். நுரையீரல் இன்னும் பழுக்கவில்லை. புது பலூனை முதல் தடவை ஊதுவதுதான் கஷ்டம், ஒரு தடவை விரிந்துவிட்டால் அடுத்தது சுலபம், இல்லையா? நம் நுரையீரலுக்குள் வழவழவென்று ஒரு பொருள் இருப்பதால்தான் அது ஒட்டிக்கொள்ளாமல் விரிந்தபடி இருக்கிறதாம். அது ஊறுவதற்கு முன்பே இவள் வந்துவிட்டாள். ஒவ்வொரு மூச்சும் இவளுக்கு முதல் மூச்சு. அந்தப் பொருளையே மருந்தாகக் குழாய் வழியே உள்ளே விட்டிருக்கிறார்கள். இனி சிபாப் என்ற கருவி மூக்கு வழியாகக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இத்தனை சின்னக் குழந்தைகள் சில நேரம் மூச்சுவிடவே மறந்துபோகும், உள்ளங்காலைச் சுண்டி ஞாபகப்படுத்தவேண்டும் என்றும் சொன்னார். "பொழச்சுக்குமாங்க?" என்று பிரபு கேட்டான். ஒவ்வொரு நாளாகப் பார்ப்போம் என்றார். அந்த வார்த்தையை அதற்குப் பிறகு எத்தனை தடவை கேட்டோமோ, கணக்கே இல்லை.

உள்ளே தாய்க்கும் தகப்பனுக்கும் மட்டும்தான் அனுமதி. எனக்கு வெளியே ஹால். அங்கே ஒரு ஒலிபெருக்கி உண்டு. பெயர் வைக்காத குழந்தைகள் என்பதால் தாயின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "பேபி ஆஃப் கோமதி, அட்டெண்டர் ராவாலி!" என்று அது தெலுங்கில் கூட இருப்பவரைக் கூப்பிடும்போதெல்லாம் எழுந்து ஓடுவேன். போய்ப் பார்த்தால் டயபர் கேட்பார்கள், பஞ்சு கேட்பார்கள். டயபருக்காகவா என் உயிரை எடுத்தீர்கள் என்று திட்டிக்கொண்டே வாங்கிவந்து கொடுப்பேன்.

அங்கே நான் முதலில் செய்த காரியம் பிரபுவின் போனைப் பிடுங்கியது. விடாமல் அடித்துக்கொண்டிருந்தது அது. அவனும் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து ஆரம்பித்துச் சொல்லுவான், சொல்லி முடிக்கும்போது குரல் உடையும். "இங்க குடு. இனிமே உனக்கு வர்ற போன் எல்லாம் எனக்கு" என்றேன். அதற்கப்புறம் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு என் குரல் தெரியும். என்ன குழந்தை, என்ன எடை, யார் ஜாடை, ஏன் இப்படி ஆச்சு, ஸ்கூட்டியில் போனாளா, பப்பாளி சாப்பிட்டாளா? பப்பாளி என்று கேட்ட அம்மாளிடம், "ஹவ் மா, ஆமா, வண்டி வண்டியா சாப்பிட்டா. வெச்சிடறேன்" என்று சொல்லி வைத்தேன். அதற்கப்புறம் அந்த அம்மாள் கூப்பிடவே இல்லை.

உதவி என்று சொன்னால் இதுதான் உதவி. "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பதில் துணி துவைத்துக் கொடுங்கள். என் வீட்டுக்காரர் அதுவரை ஒரு டம்ளர் கழுவியவர் இல்லை, யூடியூப் பார்த்து ரசம் வைத்து பிளாஸ்கில் கொண்டுவந்தார். உப்பே இல்லை. நானும் பிரபுவும் பிளாஸ்கைக் காலி செய்தோம்.

எங்களை அலைக்கழித்தது வேறு விஷயம். கோமதி குழந்தையைப் பார்க்கப் போக மறுத்தாள். சுகப்பிரசவம்தான், மறுநாளே நடந்தாள். ஹால் வரை வருவாள், என் பக்கத்தில் உட்காருவாள், கதவு திறந்தால் தலையைக் குனிந்துகொள்வாள். பிரபு போட்டோ காட்டினால் கண்ணை மூடிக்கொள்வாள். அவளை வீட்டுக்கு அனுப்பிய பிறகும் தினமும் என்னோடு வந்து அப்படியேதான் இருந்தாள். பாலும் வரவில்லை. பால் எடுக்கும் பம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பாட்டிலின் அடிகூட நனையாது. லிசி சிஸ்டர் என்று ஒரு மலையாள நர்ஸ், வெளியே வந்து கெஞ்சுவார். "மோளே, குழந்தையைப் பார்த்தால் பால் வரும். ஒரு துளி போதும். அது பாலில்லை, மருந்து." கோமதி மாட்டேன் என்று தலையை ஆட்டுவாள். கடைசியில் வேறு தாய்மார் தானமாகக் கொடுத்த பாலைத்தான் வாய் வழியே விட்ட மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக வயிற்றுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் எனக்குத் தாங்கவில்லை. "என்னடி இது? பெத்தவ நீயே போகலன்னா யாரு போவா? கல்லா நெஞ்சு உனக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். "ஒரு தடவ பாத்துட்டா விட முடியாதுக்கா. பாக்காமலே போயிட்டுன்னா… நான் எப்படியாச்சும் இருந்துருவேன். எங்கம்மா கடைசியா கெடந்தப்ப கூடவே இருந்தேன். இன்னும் அந்த மொகந்தான் வருது."

எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். திரும்பி வந்தபோது எதிர் வரிசையில் பேரனுக்காகக் காத்திருந்த ஒரு பாய், "கைக்கு ரோதே, அம்மா?" என்று அழுகைக்குக் காரணம் கேட்டு, தன் பையிலிருந்த பிஸ்கட்டை நீட்டினார். எனக்கும் கோமதிக்கும் ஆளுக்கொன்று.

அந்த வாரக் கடைசியில் கோமதியின் அப்பா வந்து சேர்ந்தார். சங்கரலிங்கம் அண்ணன் அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பேச்சு குறைவு. செகந்திராபாத் ஸ்டேஷனில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் ஆஸ்பத்திரிக்கே வந்தார். ஒரு பையில் துணி, இன்னொரு பையில் கருப்பட்டி. அவர்கள் ஊரில் சேனை வைப்பது என்று ஒரு வழக்கம். பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டுவைப்பது. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. அதனால் குடும்பத்தில் யார் நல்ல மாதிரி என்று தேடிப் பிடித்து வைக்கச் சொல்வார்களாம். "அவ அம்மா இருந்தா அவதாம்மா வச்சிருப்பா. யாருகிட்டயும் அதிர்ந்து பேசாதவ" என்று என்னிடம் சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரிலிருந்து வந்தவர் ஏதோ பேசுகிறார் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தாத்தாமார் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று விதி. அவருக்குக் கவுன் மாட்டி அனுப்பினோம். போன சுருக்கில் திரும்பி வந்தார். அவர் பின்னாலேயே பிரபு, முகமெல்லாம் சிவந்து. சட்டைப்பைக்குள் சொட்டு மருந்து பாட்டிலில் கருப்பட்டித் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார் மனுஷன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மூடியைத் திறந்ததைப் பிரபு தூரத்திலிருந்து பார்த்திருக்கிறான். லிசி சிஸ்டர் வாங்கிவைத்துக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்.

"உள்ள ஒவ்வொரு தடவையும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவறோமுங்க! நீங்க பாட்டுக்குச் சக்கரைத் தண்ணியக் கொண்டுபோறீங்க!" பிரபு கத்தியதில் ஹாலே திரும்பிப் பார்த்தது.

"நான் வைக்கல மாப்ள. கேக்கத்தான் செஞ்சேன்" என்றார் அவர். யார் காதில் விழுந்தது?

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் ஒலிபெருக்கி கூப்பிட்டது. டயபருக்காக இல்லை. குழந்தையின் வயிறு உப்பிவிட்டது. டாக்டரம்மா விளக்கினார். இத்தனை சின்னக் குழந்தையின் குடல் நனைந்த காகிதம் மாதிரி. அதில் கிருமி புகுந்தால் குடலே அழுகிப்போகும் ஒரு நோய் உண்டு. இது அதுதானா என்று இன்னும் தெரியாது. பாலை நிறுத்திவிட்டோம், எக்ஸ்ரே எடுக்கிறோம், மருந்து ஏற்றுகிறோம். ஓட்டை விழுந்தால் ஆபரேஷன். குறைமாதக் குழந்தைகளுக்கு இப்படி வருவது உண்டு, யார் மேலும் குற்றம் இல்லை என்றும் சொன்னார். அந்தக் கடைசி வரி பிரபுவின் காதில் ஏறவே இல்லை.

அவன் நேராக மாமனாரிடம் வந்தான். இந்தத் தடவை கத்தவில்லை. "உண்மையச் சொல்லுங்க மாமா. வாயில வெச்சீங்களா, இல்லீங்களா?"

"எம் பொண்டாட்டி மேல சத்தியமா வைக்கல மாப்ள."

"பின்ன எப்படிங்க இன்னைக்கு வயிறு வீங்குச்சு?"

அவர் கருப்பட்டிப் பையை நாற்காலிக்கு அடியில் காலால் தள்ளினார். எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். ஒரு சொட்டு வைத்திருப்பாரோ?

அப்போது கோமதி எழுந்தாள்.

"எங்கப்பா பொய் சொல்ல மாட்டாவ" என்றாள். "நான் போய்க் கேக்கேன்."

"யாரைக் கேப்ப?" என்றேன்.

"அந்த சிஸ்டரத்தான். நான் கேக்கேன்."

செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அத்தனை நாளும் நிமிர்ந்துகூடப் பார்க்காத கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். குழந்தையைப் பார்க்கப் போகவில்லை அவள், அப்பாவுக்காகச் சண்டை போடப் போனாள். நாங்கள் மூன்று பேரும் வெளியே நின்றோம். பிரபுவுக்கு உள்ளே போக அனுமதி உண்டு, ஆனாலும் அவன் நகரவில்லை. அந்தக் கதவு மறுபடி திறக்க எவ்வளவு நேரம் ஆனதோ, எனக்கு ஒரு யுகம்.

திரும்பி வந்தவளின் முகம் வேறாக இருந்தது. சுடிதாரின் முன்பக்கம் இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. என் துப்பட்டாவை எடுத்து அவளைச் சுற்றிப் போர்த்தினேன். அவள் அப்படியே நின்று பேசினாள்.

"சிஸ்டர் சொல்லிட்டாவ. அப்பா 'ஒரு சொட்டு வைக்கட்டுமாம்மா'ன்னு கேட்டுட்டுத்தான் மூடியத் தொறந்தாவளாம். சிஸ்டர் கேட்டதும் அப்படியே கையில குடுத்துட்டாவளாம். நெறஞ்ச பாட்டில் நெறஞ்சபடியே அவங்ககிட்ட இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, அவ விரலு என் நகத்தளவுதான் இருக்கு. என் குரலக் கேட்டதும் கால அசச்சா." அதற்கு மேல் முடியவில்லை, என் தோளில் விழுந்து ஓவென்று அழுதாள். நானும்தான். அந்தப் பாயும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பம்பு அறையில் அன்று பாட்டிலின் அடி நனைந்தது. வயிற்றுக்குப் பால் கொடுக்கக் கூடாது. ஆனால் தாயின் பாலை ஒரு துளி பஞ்சில் தொட்டுக் கன்னத்தின் உள்பக்கம் தடவுவார்கள், விழுங்க அல்ல, கிருமியை எதிர்க்க. லிசி சிஸ்டர் அதைக் கோமதியின் கையாலேயே செய்ய வைத்தார். கையைக் கழுவிக் கழுவிச் சிவக்க வைத்துக்கொண்டு போய்விட்டு வந்தவள், நேராக அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"சேனை வச்சாச்சுப்பா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு வச்சா?"

"நாந்தான்."

என் வாய் சும்மா இருக்குமா? "போச்சுடா! இவ குணமா வரப்போவுது? இத்தன நாளு எவ்ளோ கெஞ்சினோம், எவ சொன்னதயாச்சும் கேட்டாளா? புடிச்ச புடி விடாத ஜென்மமாச்சே!"

சங்கரலிங்கம் அண்ணன் வந்ததிலிருந்து அன்றுதான் சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார். "விடாதுல்லா தாயி? அதான் வேணும். புடிச்சத விடக்கூடாது" என்றார்.

பிரபு வந்து அவர் காலடியில் உட்கார்ந்தான். "தப்பாப் பேசிட்டனுங்க மாமா" என்றான்.

"அப்பனாயிட்டிய மாப்ள. அப்பன்னா கத்தத்தான் செய்யணும்" என்று அவன் தலையைத் தடவினார்.

அதற்குள் எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த சில நாட்கள் அந்த வயிற்றைப் பார்த்தபடியே போயின. தினமும் டேப் வைத்துக் குழந்தையின் வயிற்றை அளந்தார்கள், தினமும் எக்ஸ்ரே. கோமதி பெட்டியின் பக்கத்திலேயே கிடந்தாள், வெளியே வருவது பம்புக்கு மட்டும்தான். வீக்கம் நின்றது, பிறகு இறங்கியது. ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று என் வீட்டுக்காரரின் ரசத்திலும் உப்பு சரியாக இருந்தது. பால் மறுபடி ஆரம்பித்தது, இந்தத் தடவை கோமதியின் பால். சிபாப் போனது. தோலோடு தோலாக நெஞ்சில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். தாயின் சூட்டில் குழந்தை மூச்சுவிட மறப்பது குறையுமாம். பிரபுவும் சட்டையைக் கழற்றிவிட்டுப் போட்டுக்கொண்டான். பில் கதை தனி, அதை இங்கே அவிழ்த்தால் அழுகைதான் வரும்.

வீட்டுக்கு அனுப்பும்போது சங்கரலிங்கம் அண்ணன் டாக்டரம்மாவிடம் கருப்பட்டிப் பையைக் காட்டி, எப்போது தரலாம் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அது வளரட்டும், இனிப்புக்கு அவசரமே இல்லை என்று டாக்டரம்மா கையெடுத்துக் கும்பிட்டார். ஆஸ்பத்திரி வாசலில்தான் நான் அவளை முதல் தடவையாகப் பார்த்தேன். துணிச்சுருளுக்குள் ஒரு குட்டி முகம், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, சண்டைக்கு நிற்கிற மாதிரி. என்ன பேசுவது என்று தெரியாமல், "வாடி" என்று மட்டும் சொன்னேன்.

போன வாரம் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். கண் சொருகும் நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆரம்பித்தது. பிறந்தபோது எந்தச் சத்தத்துக்காகக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேனோ, அதே சத்தம். கட்டடமே அதிரும்படி வீல் வீலென்று. மூச்சு வாங்குவதற்குக்கூட நிறுத்தவில்லை. பக்கத்தில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் என் தூக்கம் கெட்டால் வீடு என்ன ஆகும் என்று தெரிந்தவர். பயந்துபோய் எழுந்து உட்கார்ந்து, சுவரைத் தட்டக் கையை ஓங்கினார்.

நான் அவர் கையைப் பிடித்தேன்.

"நக்கோ, வேணாம்" என்றேன். "அழட்டும்."